கோரை என்று பிடுங்கிய மழை லில்லி

பூப் பார்க்கப் போகிறோம் என்றுதான் எனக்குச் சொன்னார்கள். பொய்யும் இல்லை. வலங்கைமானில் ஒருவர் தன் வீட்டுக் கொல்லை முழுக்க மழை லில்லிகளாகச் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளை, மஞ்சள், ரோஸ், எல்லாம் ஊர் ஊராகக் கேட்டு வாங்கிய கிழங்குகள். வானம் ஒரு மழை தந்தால் போதும், மண்ணைக் கீறிக்கொண்டு வந்து நிற்கும். வெயில் ஏறினால் போயே போய்விடும். அந்தச் சித்திரையில் மழை வந்தது. நாங்களும் பஸ் ஏறினோம்.

பெரியவர்களின் கணக்கு வேறு. அதுவரை அத்தையைப் பெண் பார்த்துப் போனவர்கள் ஒருவரும் பதில் சொல்லி அனுப்பவில்லை. இனிப் பஜ்ஜித் தட்டோடு யார் முன்னாலும் வந்து நிற்க மாட்டேன் என்று அத்தை அடித்துச் சொல்லிவிட்டாள். அதனால்தான் பூ. அத்தை பூவைப் பார்ப்பாள், அவர் அத்தையைப் பார்ப்பார், ஒத்துவராவிட்டால் பூப் பார்த்ததோடு போகட்டும்.

வழியெல்லாம் அம்மா அத்தையின் காதில் ஓதினாள். "கையைக் கட்டிக்கிட்டு நில்லும்மா. எதையும் தொட்டுறாத."

கொல்லையில் கால் வைத்ததும் நான் பூக்களைப் பார்த்து ஓடினேன். ஈரமண்ணில் வெள்ளை வெள்ளையாக, அப்போதுதான் கண் விழித்தவை போல, காற்றே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன. அவர் ஒவ்வொரு பூவையும் சொந்தக்காரரை அறிமுகம் செய்வதுபோலச் சொல்லிக்கொண்டே போனார். அத்தையை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அப்பாவுக்கு முகம் தொங்கிவிட்டது.

அவர் நாற்காலி எடுக்க உள்ளே போன நேரம். மூலையில் ஒரு தொட்டி, பூவே இல்லாமல், மெல்லிய புல்தாளாக மண்டிக் கிடந்தது. அத்தையின் கை வருஷா வருஷம் வயலில் களை பறித்த கை. எவ்வளவு நேரம்தான் கட்டியே இருக்கும்? அவர் நாற்காலியோடு திரும்பியபோது தொட்டி வெறிச்சென்று இருந்தது.

"தொட்டி பூரா கோரைங்க," என்றாள் அத்தை, பெருமையாக. "கிழங்கோட எடுத்துட்டேன். இல்லன்னா திரும்ப முளைச்சிடும்."

"அது கோரை இல்லீங்க," என்றார் அவர், அழுகிற குரலில். "இன்னும் பூக்காத லில்லி. மூணு வருஷமாக் காத்திருக்கேன்."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். அத்தையின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் குந்தி, பிடுங்கிப் போட்டதை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு முதல்முறையாக அத்தையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு கிழங்குகூட அறுபடலையே! நான் தொட்டி மாத்தினாலே பாதி போயிடும்."

"கோரைன்னு நெனச்சதால பொழச்சுது," என்றாள் அத்தை. "பூச்செடின்னு தெரிஞ்சிருந்தா கை நடுங்கியிருக்கும்."

வாசற்படியில் நின்ற அவருடைய அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவரும் அத்தையும் குந்தி உட்கார்ந்து கிழங்குகளைத் திரும்ப நட்டார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அத்தைக்குத் தண்டனை என்று நினைத்து, "பாவம், விட்டுடுங்க" என்று நான் கெஞ்சினேன். அதற்கும் சிரித்தார்கள்.

கிளம்பும்போது, "அடுத்த மழைக்கு அவசியம் வாங்க" என்றார் அவர்.

"மழை எப்ப வருமோ," என்றார் அவருடைய அம்மா. "வர்ற வெள்ளிக்கிழமை நாங்களே அங்க வந்துடறோம்."

திரும்பும் பஸ்ஸில் எல்லோருக்கும் முகமெல்லாம் பல். எனக்குத்தான் கவலை. எங்கள் கொல்லையில் வைக்கோல்போரும் எருக்குழியும் தவிர ஒரு பூந்தொட்டிகூடக் கிடையாது. அவ்வளவு தூரம் வந்து, பாவம், எதைப் பார்ப்பார்கள்?