தண்ணீர் ஊற்றாத கூலர்

சலூன்காரர் வாயில் ஊர்க்கதை வரும், உலகக்கதை வரும். "தப்பு என்னோடதுதான்" என்பது மட்டும் வரவே வராது. தங்கை கணவரோடு பேச்சு நின்றுபோனதும் அதனால்தான். குடும்பத்தோடு போட்டோ எடுக்கப் போகிற அன்று முடிவெட்ட வந்த மாப்பிள்ளையை ஒட்ட வெட்டி உட்காரவைத்துவிட்டார். மாப்பிள்ளை முறைத்ததற்கு, "தலை அப்படி இருந்தா நான் என்ன பண்றது?" என்றார். அன்றோடு சரி. இடையில் மாட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் அவதிப்பட்டவள் தங்கைதான்.

இந்தக் கோடையில் திடீரென்று ஒரு ஏர்கூலர் லாரியில் வந்து இறங்கியது. பின்னாலேயே தங்கையின் போன்.

"அண்ணா, அவரா பார்த்து வாங்கி அனுப்பினது. வேணாம்னு மட்டும் சொல்லிடாத. அடுத்த மாசம் அங்க வந்து உன்கிட்டதான் முடிவெட்டிக்குவாராம்."

சலூன்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் ஊரில் வறண்ட காற்று. கூலரின் ஈரப்பட்டை வழியாக நுழைந்தால் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜில்லென்று வெளியே வரும். இவர் ஊரோ கடற்கரை. இங்கே காற்றுக்கு ஏற்கெனவே வயிறு முட்ட ஈரம். துவைத்துப் போட்ட துண்டு மறுநாளும் நசநசக்கும். சலூன்காரர் இதையெல்லாம் யோசித்தாரா? ஏசி கடை மாதிரி கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினார். பவுடர் கட்டி பிடித்தது. வெட்டிய முடி பிரஷ்ஷுக்கு அசையாமல் கழுத்தில் அப்பிக்கொண்டது. ஷேவிங்குக்கு வந்த கம்பவுண்டர், "கடையா இது, குளியல் ரூமா?" என்று பாதியில் எழுந்துவிட்டார்.

மனைவி வந்து ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

"தண்ணிய கொட்டுங்க. கதவத் தொறங்க. வெறும் ஃபேனா ஓடட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே செய்தார். அதன்பின் கடையில் உட்கார முடிந்தது. யாராவது கேட்டால், "தொட்டிக்கு லீவு" என்பார்.

ஆனால் மாப்பிள்ளை வருகிற அன்று காலையில் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் கதவைச் சாத்தினார். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அவருக்குப் பயம். நீ கொடுத்தது இங்கே உதவாது என்று எப்படிச் சொல்வது? இன்னொரு தடவை உறவு அறுந்தால் தங்கை தாங்கமாட்டாள்.

"எப்படி மச்சான் நம்ம கூலர்?" நாற்காலியில் உட்கார்ந்ததும் மாப்பிள்ளை கேட்டார்.

"பிரமாதம் மாப்ள. ஜிலுஜிலுன்னு இருக்கு."

"ஆமா ஆமா," என்றார் மாப்பிள்ளை. முடிவெட்டக் கழுத்தில் கட்டிய போர்வைக்குள் அவர் சட்டை தொப்பலாகியிருந்தது.

சலூன்காரரின் விரல் வியர்த்து வழுக்கியது. காதுக்கு மேலே கத்தரி ஒரு இழுப்பு அதிகமாக இழுத்துவிட்டது. மண்டைத்தோல் வெள்ளையாகத் தெரிந்தது. தலை அப்படி, முடி அப்படி என்று பழைய பதில்கள் நாக்கு நுனிவரை வந்தன.

"மாப்ள, இங்க ஒட்ட போயிடுச்சு. தப்பு என்னோடதுதான்."

கண்ணாடியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முடி கெடக்கட்டும் மச்சான். மொதல்ல அந்தக் கதவத் தொறங்க, மூச்சு முட்டுது," என்றார் மாப்பிள்ளை. போர்வையோடு எழுந்து அவரே தொட்டித் தண்ணீரை வாளியில் பிடித்துத் தெருவில் கொட்டினார். பிறகு மனைவிக்குப் போன் போட்டார்.

"உங்கண்ணன் மறுபடியும் ஒட்ட வெட்டிட்டாரு."

அந்தப் பக்கம் விசும்பல்தான் கேட்டது.

"ஏய், அழாத. தன் தப்புதான்னு அவரே சொல்லிட்டாரு."

விசும்பல் நின்றது.

"யாரு, எங்கண்ணனா?"