பச்சைப் பொட்டு

ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில் உள்ள ஒரு பேனர் கடையில் டிசைனராக இருக்கும் தர்மேந்திரனுக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைத்தாயிற்று. அவரோ இந்த ஒரு விஷயத்தை நாற்பத்திரண்டு வருஷமாக வெளியே விடாமல் காத்து வந்தவர். வீட்டில் மனைவி நவமணிக்கு மட்டும் தெரியும். தினமும் காலையில் சட்டையை எடுத்து வைப்பது அவள்தான். கடையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தார். தெரிந்தால் வேலை போய்விடும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நிறம் தெரியாத ஒருவனை எந்தக் கடைக்காரர் டிசைனர் நாற்காலியில் உட்கார வைப்பார்?

மற்றபடி தர்மேந்திரன் பயந்த சுபாவக்காரர் இல்லை. யாருக்காவது நன்றி சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது, அவ்வளவுதான். பஸ் ஓட்டுநருக்கு நன்றி, தேத்தண்ணீர் கலக்குபவருக்கு நன்றி, உறைந்து போன கம்ப்யூட்டர் மறுபடி உயிர் பெற்றால் அதற்கும் ஒரு கும்பிடு. "சாமானுக்கெல்லாம் நன்றி சொல்றாரு பாரு" என்று கடையில் கிண்டல் செய்வார்கள். அதற்குக் காரணம் இருந்தது.

அவர் பிறந்தது செமோர் பக்கம் ஒரு தோட்டத்தில். பிறந்தபோது ரப்பர் பால்மரம்; பள்ளிக்கூடம் போகும் வயதில் அதை வெட்டித் தள்ளிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். பதினேழு வயதில் பள்ளி விடுமுறைக்கு அப்பாவோடு குலை வெட்டப் போனார். பழுத்த குலை சிவந்திருக்கும், பழுக்காதது கறுத்திருக்கும், அண்ணாந்து பார்த்தால் குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றார்கள். இவர் அண்ணாந்து பார்த்தால் எல்லாக் குலையும் ஒரே இருட்டாகத்தான் இருந்தது. முதல் நாளே பழுக்காத ஏழு குலைகளை வெட்டிச் சாய்த்தார். "ஏன்டா, கண்ண வீட்டுல வச்சிட்டா வந்த?" என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கத்தினார். அப்பா தலைகுனிந்து நின்றார். இரண்டாம் வாரம் தர்மேந்திரன் தாமாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார்: மேலே பார்க்கவே வேண்டாம். குலை பழுத்திருந்தால் மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கும். பத்து பழம் கிடந்தால் வெட்டலாம். அதற்குப் பிறகு ஒரு குலைகூடத் தப்பாக விழவில்லை, மண்டோரும் வாயைத் திறக்கவில்லை.

படம் வரைவதில் பைத்தியம் இருந்ததால் ஈப்போவில் ஒரு கல்லூரியில் டிசைன் படிக்கச் சேர்ந்தார். முதல் வாரமே வண்ணச் சக்கரம். சிவப்பும் பச்சையும் எதிரெதிரே நிற்கும், பக்கத்தில் வைத்தால் சண்டை போடும் என்றார் விரிவுரையாளர். வகுப்பே தலையாட்டியது. தர்மேந்திரனும் ஆட்டினார். அவர் கண்ணுக்கு அந்த இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி சமாதானமாக உட்கார்ந்திருந்தன. அன்று மாலையே பெட்டியைக் கட்டிவிடலாம் என்றுதான் இருந்தார்.

கட்டவிடாமல் தடுத்தது கம்ப்யூட்டர். மறுநாள் வரைகலை மென்பொருளைத் திறந்து காட்டினார்கள். திரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் ஓரத்தில் நான்கு எண்கள் வந்தன. அச்சு இயந்திரத்தில் இருக்கும் நான்கு மைகளில் எது எவ்வளவு என்ற கணக்கு அது. இரண்டாம் எண்ணும் மூன்றாம் எண்ணும் எகிறினால் சிவப்பு. முதல் எண்ணும் மூன்றாம் எண்ணும் எகிறினால் பச்சை. மரத்தடியில் பழம் பொறுக்கிய பையனுக்கு இது புரியாமல் போகுமா? அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினார். குங்குமம், வாழையிலை, மருதாணி, தக்காளி என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு எண் எழுதி மனப்பாடம் செய்தார். அந்த மென்பொருளை எழுதிய ஆட்கள் யாரோ, எந்த ஊரோ, நன்றாக இருக்கட்டும் என்று அப்போது நினைத்தவர்தான். இன்றுவரை அந்த நினைப்பு மாறவில்லை.

வேலையில் அவர் கெட்டிக்காரர். நிறம் உதவாததால் மற்றதெல்லாம் அவருக்கு நன்றாக வாய்த்தது. எந்தப் பேனரையும் முதலில் கறுப்பு வெள்ளையில்தான் அமைப்பார். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் உள்ள தூரம் சரியாக இருந்தால் எழுத்து தானாக எழுந்து நிற்கும் என்பார். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அப்போதும் எது முதலில் தெரிகிறதோ அதுதான் பேனரின் தலை. வாடிக்கையாளர்களோ இடம் காலியாக இருந்தால் பொறுக்க மாட்டார்கள். "இவ்ளோ எடம் சும்மா கெடக்கே, மாமா படத்த போடுங்க லா" என்பார்கள். மாமாவைப் போட்டால் சித்தப்பா வருவார், சித்தப்பாவுக்குப் பின்னால் ஒரு பட்டாளமே வரும். தர்மேந்திரன் கடையிலிருந்து வெளியே கூட்டிப்போய்ச் சாலைக்கு அந்தப்புறம் நிறுத்தி, "இங்கேருந்து படிங்க" என்பார். படித்துவிட்டு மாமாவைத் தாங்களே எடுக்கச் சொல்லிவிடுவார்கள். முதலாளி சூசைநாதனுக்கு இதில் பெருமை தாங்காது.

இயந்திரத்தை ஓட்டியது ஷெரில். தாப்பாவிலிருந்து வந்த பெண், வேலையில் சேர்ந்தபோது இருபத்தைந்து வயது. அளந்துதான் பேசுவாள். இவர் டிசைன் கோப்பை அனுப்பினால் வாங்கி, அச்சிட்டு, ஓரம் மடித்து, வளையம் அடித்துக் கொடுப்பாள். எட்டு வருஷம் இருவரும் ஒரே அறையில் வேலை செய்தார்கள். எல்லோரும் ஒரு மணிக்குச் சாப்பிட்டால் இவள் இரண்டு மணிக்குத்தான் கடையில் கட்டி வந்த தாபாவ் பொட்டலத்தைப் பிரிப்பாள். "ஆறுன சோத்த தின்னாத்தான் உனக்கு எறங்கும் போல" என்று தர்மேந்திரன் சீண்டுவார். "பசிக்கலண்ணே" என்பாள். போன மாதம் அவளுக்குக் கல்யாணமாகிப் பாகான் டத்தோவுக்குப் போய்விட்டாள். புருஷனுக்கு அங்கே தென்னந்தோப்பு. அவள் இடத்துக்குத் துளசி வந்தாள்.

துளசி வந்த மூன்றாம் வாரம் அந்தக் கோயில் வேலை வந்தது. தர்மேந்திரன் பிறந்த தோட்டத்து மாரியம்மன் கோயில்தான். தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. கோயில் மட்டும் அதே இடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை திருவிழா. கோயில் தலைவர் பத்துமலை என்பவர் அம்மன் படத்தைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தார். இருபதடிப் பேனர், நடுவில் அம்மன் முகம் மட்டும். படத்தில் குங்குமப் பொட்டு மங்கலாக இருந்தது. நோட்டில் இருக்கும் குங்கும எண்ணை அப்படியே வைத்தால் புகைப்படத்தில் ஸ்டிக்கர் ஒட்டியது போலிருக்கும். படத்திலிருந்தே நிறத்தைத் தொட்டெடுத்துத்தான் பொட்டை வரைய வேண்டும். அம்மன் கழுத்தருகே ஒரு குங்குமத் தீற்றல் தெரிந்தது. அதைத் தொட்டெடுத்தார், பொட்டை வரைந்தார். எடுத்ததன் எண்ணை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. எட்டு வருஷமாக ஒன்றுகூடத் தப்பாகவில்லையே என்ற தெம்பு.

வெள்ளிக்கிழமை காலை பத்துமலை பேனரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கடை நடுவில் விரித்தார்.

"தம்பி, அம்மாவுக்கு பச்ச பொட்டா?"

தர்மேந்திரன் குனிந்து பார்த்தார். பொட்டு பொட்டாகத்தான் இருந்தது.

"எங்க கமிட்டியில ஒருத்தன் சொல்றான், ஒருவேள இது புது பேஷனோன்னு. அம்மா முகத்துல போயி பேஷனா பண்ணுவீங்க?" பத்துமலை கோபத்தில் கத்தவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "நீ நம்ம தோட்டத்து பிள்ளன்னுதான் உங்கிட்ட குடுத்தேன்."

"அவசரத்துல தப்பு நடந்துபோச்சு அண்ணே. இன்னிக்கே வேற அடிச்சு தரேன்" என்றார் தர்மேந்திரன். சூசைநாதன் குனிந்து பொட்டைப் பார்த்துவிட்டுத் தம் அறைக்குப் போனார்.

பத்துமலை போனபின் துளசி மெல்லச் சொன்னாள்: "நான் ஓட்டும்போதே பார்த்தேண்ணே. நீங்க சீனியராச்சே, கோயில்ல அப்படித்தான் கேட்டாங்க போலன்னு விட்டுட்டேன்."

எண்ணைப் பார்த்தபோதுதான் புரிந்தது: தொட்டெடுத்தது குங்குமத் தீற்றல் இல்லை, அம்மன் கட்டியிருந்த பச்சைப் புடவையின் ஓரம். ஒருமுறை கை தவறிவிட்டது, அவ்வளவுதான் என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு, இதே கோயிலுக்கு இரண்டு வருஷத்துக்கு முன் செய்த பேனரின் பொட்டைப் பார்த்து எண் எடுக்கலாம் என்று அச்சான கோப்புகள் இருக்கும் இயந்திரத்துப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தார். அது ஷெரில் உட்கார்ந்த இடம். தேடும்போது 'தர்மா அண்ணே' என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. உள்ளே இருநூற்றுப் பதினொரு கோப்புகள். எல்லாம் அவருடைய வேலைகள், அவர் வைத்த பெயர்கள், ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் 'ஓகே' என்று ஒரு சொல். அந்தச் சொல்லை அவர் வைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அம்மனைத் திறந்தார். தாம் அனுப்பிய கோப்பையும் பக்கத்தில் திறந்து வைத்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. பொட்டைத் தொட்டு எண்ணைப் படித்தார். அவருடையதில் முதல் எண் எண்பது, பச்சை. 'ஓகே' போட்டதில் இரண்டாம் எண் தொண்ணூற்றெட்டு, சிவப்பு.

அடுத்ததைத் திறந்தார். ஒரு பிறந்தநாள் குழந்தையின் முகத்தைப் பளிச்சென்று ஆக்குவதாக நினைத்துக் கன்னத்தில் பச்சை ஏற்றியிருந்தார், ஷெரில் இறக்கியிருந்தாள். இன்னொன்றில் கல்யாணப் பெண்ணின் மருதாணி. இன்னொன்றில் ஒரு கிழவரின் உதடு. புகைப்படம் வந்த வேலைகள் எல்லாமே அங்கே இருந்தன. கோப்புகளின் நேரத்தைப் பார்த்தார். மதியம் ஒன்று பத்து, ஒன்று இருபது, ஒன்று நாற்பது. எல்லாம் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம்.

முதலில் வந்தது கோபம்தான். யார் இவளை இதெல்லாம் செய்யச் சொன்னது என்று உள்ளுக்குள் ஒரு கத்தல். அப்புறம் காது சூடாகும் அளவுக்கு வெட்கம். சாமர்த்தியக்காரன் என்று எட்டு வருஷம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தது நினைவுக்கு வந்து, மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. நூறாவது கோப்பைத் திறக்கும்போது இரண்டும் கரைந்துபோய்விட்டன. தம்முடைய எழுத்து, தாம் விட்ட வெற்றிடம், தாம் வைத்த இருட்டும் வெளிச்சமும், எதையும் அவள் ஒரு மில்லிமீட்டர்கூட நகர்த்தவில்லை. தேவையான இடத்தை மட்டும் தொட்டிருந்தாள். தர்மேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பஸ்காரருக்கும் கம்ப்யூட்டருக்கும் சொன்ன நன்றியெல்லாம் இருக்கட்டும், பக்கத்து நாற்காலிக்கு ஒன்றும் சொல்லாமலே எட்டு வருஷம் ஓட்டியிருக்கிறார்.

சிவப்பு எண்ணை ஒரு தாளில் எழுதி மடித்துப் பையில் வைத்தார். பேசாமல் பொட்டைத் திருத்தி அச்சுக்கு அனுப்பிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. தாளைப் பையிலேயே விட்டுவிட்டுச் சூசைநாதனின் அறைக் கதவைத் தட்டினார்.

"பாஸ், எனக்கு செவப்பும் பச்சையும் சாமா, ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். பொறந்ததுலேருந்து. அந்த பொட்டு பச்சைன்னு இப்பவும் எனக்கு தெரியல." தொடங்கிவிட்டதால் நிறுத்த முடியவில்லை, ஷெரில் திருத்தியதையும் சொன்னார்.

சூசைநாதன் பேனாவை மேஜையில் தட்டினார்.

"இருநூறு வேலையா?"

"இருநூத்தி பதினொண்ணு."

"அந்த பொண்ணு ஒரு வார்த்த சொல்லல பாரேன்." பேனாவைக் கீழே வைத்தார். "கலருக்குன்னா ஆளுங்க பக்கத்து கடைக்கே போயிருப்பாங்க தர்மா. ரோட்டுல போறவனுக்கு தெரியணும்னுதான் இங்க வாராங்க. ஆனா இனிமே துளசி பார்த்து சரின்னு சொல்லாம எதுவும் ஓடக்கூடாது. எங்கிட்ட மறைக்கவும் கூடாது."

தர்மேந்திரன் தலையாட்டினார். வெளியே போகும்போது கதவருகே திரும்பி நின்று நன்றி சொன்னார்.

மாலை ஐந்து மணிக்குப் புதுப் பேனர் இயந்திரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது ஷெரிலுக்குக் கைப்பேசியில் பேசினார். அந்தப் பக்கம் தென்னங்காற்று இரைந்தது.

"ஃபோல்டர பாத்துட்டேன்மா."

"மன்னிச்சுக்குங்கண்ணே. அழிச்சிட்டு வந்திருக்கணும்."

"ஏன்மா எங்கிட்ட சொல்லல?"

"சேர்ந்த மொத வாரமே தெரிஞ்சுபோச்சு. சொன்னா மறுநாள் நீங்க வேலைக்கு வரமாட்டீங்க. நீங்க இல்லாட்டி நான் யார்கிட்ட வேல கத்துக்கிறது? உங்க எழுத்த பாத்துதான் நானும் இப்ப இங்க சின்னதா கார்டு அடிக்கிறேன். கலர் கெடக்கு, அது பத்து நிமிஷ வேல."

"ஆறுன சோறும்மா. எட்டு வருஷம்." கைப்பேசியைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னார்: "ரொம்ப நன்றிம்மா. நீ நல்லா இருக்கணும்."

ஷெரில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு, இந்த எட்டு வருஷத்தில் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணே, அம்மன் பொட்டு இப்ப என்னா கலர்ல இருக்கு?"

தர்மேந்திரன் திரும்பிப் பார்த்தார். துளசி பேனரை மேஜைமேல் விரித்துக்கொண்டிருந்தாள். அம்மன் முகம் அகலமாக, அமைதியாக, நெற்றியில் வட்டமாக ஒரு இருட்டோடு அவரைப் பார்த்தது.

"தெரியலம்மா," என்றார். "துளசி செவப்புன்னு சொல்றா."