லென்ஸைக் கீறியது யார்?

மைத்துனன் என் கமராவை ஒரு நாள் இரவல் வாங்கிப் போனான். அடுத்து நான் எடுத்த படங்கள் பனி மூடியதுபோல் மங்கலாக வந்தன. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தால் வட்ட வட்டமாகக் கீறல்கள். வெள்ளவத்தைக் கடற்கரை மணலில் போட்டு உருட்டியிருக்கிறான் என்று முடிவுகட்டி, ஒரு மாதம் அவனோடு கதைக்கவில்லை. அவனுக்காகப் பரிந்து பேசிய மனைவியும் உடந்தையோ என்றுகூட எண்ணினேன்.

கடைசியில் ரயிலிலும் டிராமிலுமாகக் கொட்டாஞ்சேனைக்குப் போய், கமரா திருத்துபவரிடம் காட்டினேன்.

"இது ஒரு நாளிலை வந்த கீறல் இல்லை. எதாலை துடைக்கிறனீங்கள்?" என்று கேட்டார்.

சட்டைப்பையிலிருந்த கைலேஞ்சியை நீட்டினேன். வெள்ளிதோறும் கோயில் திருநீற்றை முடிந்து வருவதும் அதில்தான். பிலிம் சுருளின் கறுப்புத் தாளை விரித்து, அதன்மேல் அவர் கைலேஞ்சியை உதறினார். தாள் வெளுத்துப்போயிற்று.

"இந்தப் பொடியைத்தான் கன நாளாய்க் கண்ணாடியிலை தேய்ச்சிருக்கிறியள்."

இப்போது றப்பர் குமிழால் தூசியை ஊதிய பிறகே, துவைத்த பழைய மல்துணியால் மெதுவாகத் துடைக்கிறேன். அந்தத் துணி கமராப் பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை.

மைத்துனனிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. இது அச்சில் வந்தால், பக்கத்தை அவனிடம் நீட்டலாம் என்றிருக்கிறேன்.