ஒரே வாசல்

கியோட்டோவின் நிஷிஜின் பகுதியில், பழைய வீட்டை இடித்துப்போட்ட மனையில் கயானோ மறுபடியும் அளவு நாடாவை இழுத்துப் பார்த்தாள். மனை ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. இரண்டு கார் நின்றால் அகலம் தீர்ந்துவிடும். நீளம் மட்டும் ரயில் பெட்டி மாதிரி பின்னால் போய்க்கொண்டே இருக்கும். சரிவான ஓட்டுக் கூரைதான் போட வேண்டும், இவ்வளவு உயரம்தான் என்ற நகர விதிகள் வேறு. அதெல்லாம் வீடு வரைந்தே பிழைக்கும் அவளுக்குப் பழக்கம். பாடாய்ப் படுத்தியது மனைக்காரிகள்தான்.

அக்கா தொஷியே, தங்கை ரிட்சுகோ. இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள். படுக்கையில் கிடந்த அம்மாவை யார் அதிகம் பார்த்துக்கொண்டது என்ற சண்டையில் பேச்சு நின்றுபோயிருந்தது. அம்மா விட்டுப்போன மனையை விற்கவும் மனமில்லை, இருவருக்கும் அங்கேயேதான் இருக்க வேண்டும். தனித்தனியாக வந்து ஒரே விஷயத்தைச் சொன்னார்கள்.

"அவ மூஞ்சில முழிக்காத மாதிரி ஒரு வீடு வேணும்மா."

கயானோ வீட்டை முன்னும் பின்னுமாகப் பிரித்தாள். அவள் சமையலறையைத் தாண்டி நான் போவதா என்று இருவருமே பின்கட்டை மறுத்தார்கள். மேலும் கீழுமாகப் பிரித்தால் இருவருக்கும் முழங்கால் வலி. எல்லாவற்றையும் இரண்டாக வைத்தால் படுக்க இடமில்லை. கயானோவுக்குச் சோறு இறங்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து சைக்கிளை எடுப்பாள். காமோ ஆற்றங்கரையில் ஒரு யோசனை தோன்றும். வீடு திரும்பி வரைந்தால் அதுவே அசட்டுத்தனமாகத் தெரியும்.

கடைசியில் அலுத்துப்போய் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லி வரைபடத்தை விரித்தாள். ஒரே வாசல். தெருப்பக்கம் பொதுச் சமையலறை, குளியலறை. உள்ளே எதிரெதிராக இரண்டு அறைகள், நடுவில் வானம் தெரியும் சின்ன முற்றம்.

"ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்கவே கூடாதுன்னா, உங்களுக்கு வேண்டியது வீடு இல்ல. ரெண்டு ஊர்."

வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டே பென்சில்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள். தொஷியே வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிக்கிற தொட்டி ஒண்ணுதானா? அப்போ ரெண்டு பேருக்கும் ஒரே வெந்நீர், அதுல முதல்ல யாரு இறங்குறது?"

கேட்டது கயானோவிடம். பதில் சொன்னது ரிட்சுகோ.

"நான்தான். நீ இறங்கினா ஊறிப்போய்க் கிடப்ப. எனக்குத் தண்ணி ஆறிடும்."

"ஆமா, நீ மட்டும் அப்படியே கோழி மாதிரி நனைஞ்சிட்டு ஓடி வந்துடுவியாக்கும்."

அந்தச் சண்டை சாயங்காலம்வரை நடந்தது. அம்மாவின் பேச்சும் வந்தது, இருவரும் அழுதார்கள், சமாதானம் ஆகவில்லை. ஆனால் போகும்போது இருவரும் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

வீடு எழும்பி அவர்கள் குடிபுகுந்த பிறகு முதலில் அக்கா போன் செய்தாள்.

"முற்றம் வழியா நான் சாப்பிடுறதையே பார்த்துட்டு இருக்கா. என்னம்மா வீடு கட்டிக் கொடுத்திருக்க?"

மறுநாள் தங்கையும் அதையே சொன்னாள். திரை போட்டுக்கொள்ளுங்கள் என்றாள் கயானோ, இருவரிடமும்.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் அவளே போனாள். இரண்டு ஜன்னலிலும் திரை இல்லை. தொஷியே இனிப்புப் பருப்பு உருண்டையைத் தட்டில் எடுத்து வைத்து, "அவளுக்கும் ஒண்ணு எடுத்துட்டுப் போ, நான் கொடுத்தேன்னு சொல்லாத" என்றாள். கயானோ தட்டோடு முற்றத்தைக் கடந்தாள். எதிர் அறை இன்னும் நன்றாகத் தெரியும்படி ஜன்னலை ஒரு சாண் தாழ்த்தி வைத்திருக்கலாமோ என்று அப்போதே மனது அரிக்கத் தொடங்கியது.