எது முதல் புள்ளி

எண்பதுகளின் தொடக்கத்தில் சனிக்கிழமைதோறும் சென்னையிலிருந்து கிளம்பி, உத்திரமேரூரில் பஸ் மாறி ஊர் வந்து சேர்வேன். பையில் மாற்றுத்துணியைவிட எக்ஸ்ரே பிலிம்தான் அதிகம். பக்கத்து சீட்டுக்காரர்கள் யாருக்கு என்ன நோய் என்று விசாரிப்பார்கள். எனக்குத்தான் என்று சொல்லிவிடுவேன். விளக்கம் சொல்லத் தெம்பு இருக்காது.

காற்றும் தண்ணீரும் கலந்து குழாயில் ஏறும்போது என்ன வேகத்தில் போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. நுரைத்த தண்ணீர் மோர்போல வெளுத்துவிடும். சாதாரண கேமராவுக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. அதனால் ஈயத்தூள் கலந்த கடுகளவு மெழுகு மணிகளை அதில் விட்டு, ஒரே பிலிமில் அடுத்தடுத்து இருமுறை எக்ஸ்ரே எடுப்பேன். ஒவ்வொரு மணியும் இரண்டு புள்ளியாக விழும். இடையிலுள்ள தூரத்தை அளந்தால் வேகம் தெரிந்துவிடும். மூன்று வருடம் அதை அளந்தே கண் பூத்துப்போனது. பட்டம் கிடைத்தால் வேலை, வேலை கிடைத்தால் சென்னையில் வீடு, அப்புறம்தான் மனைவியை அழைத்துப்போக முடியும். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஊரில், நான் விடுதியில்.

ஒரு ஞாயிறு காலை ஜன்னல் வெளிச்சத்தில் கடைசிக் கட்டு பிலிமை அளந்துகொண்டிருந்தேன். அவள் வயலில் கம்ப்ரஸரைப் போட்டுவிட்டு வந்தாள். எங்கள் போர் கிணற்றிலும் காற்றை உள்ளே விட்டுத்தான் தண்ணீரை மேலே தள்ள வேண்டும்.

“இதுல எது மொதல் புள்ளி?” என்றாள்.

“கீழ கீறது. தண்ணி மேலதான போவுது?”

“நம்ம போர்ல ஏறின தண்ணி பாதி பைப்பு ஓரமா திரும்ப எறங்கிக்கினே கீது. காத வெச்சா கேக்குது. உங்களுதுல மட்டும் எறங்காதா?”

அளவுகோலைக் கீழே வைத்தேன். நடுவில் குமிழிகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு ஏறும், ஓரத்தில் அது கீழே வழியும். படித்தவனுக்கு இது தெரியாததா? ஆனாலும் எல்லா மணியையும் ஏறுகிற கணக்கிலேயே சேர்த்திருந்தேன். இரண்டு முறையும் ஒரே அளவு கதிர் விட்டதால், எந்தப் புள்ளி முந்தியது என்பதற்குப் பிலிமில் அடையாளமே இல்லை. முதல் முறை கொஞ்சம் மங்கலாக எடுத்திருந்தால் போதும். மூன்று வருட உழைப்பும் விழலுக்கு இறைத்த நீர்.

கோபம் அவள்மேல்தான் வந்தது. “அதெல்லாம் உனக்குப் புரியாது” என்று எரிந்து விழுந்தேன். அவள் நாஷ்டா எடுத்து வைத்தாள். நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. என் பேராசிரியர் இதைக் கவனிக்கவில்லை. வாயை மூடிக்கொண்டால் பங்குனிக்குள் பட்டம் வந்துவிடும். பகலெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன்.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னேன்: “நீ சொன்னதுதான் சரி. எல்லாத்தையும் திரும்ப எடுக்கணும். இன்னும் ரெண்டு வருசம் ஆவும்.”

அவள் பிலிம் கட்டை எடுத்து என் பையில் வைத்தாள்.

“நான் கேக்காமயே இருந்துருக்கலாம்” என்றாள்.