நாலு முயற்சி, பத்து யார்டு

அமெரிக்கப் பந்தாட்டம் தெரியாதவர்களுக்கு எங்கள் அலுவலகத்தில் அமெரிக்க வேலை கிடைக்காது. அப்படி எங்கும் எழுதி வைத்திருக்கவில்லை. மேலாளரும் அவரைச் சுற்றித் திரியும் மூன்று ஆண்களும் ஞாயிறு மாலை பப்பில் ஆட்டம் பார்ப்பார்கள். நியூயார்க் வாடிக்கையாளரைச் சந்திக்க யார் போவது என்பது திங்கள் காலைக்குள் முடிவாகியிருக்கும். அந்த வாடிக்கையாளரின் கோப்பு வேலையை ஏழு மாதமாகச் செய்தவள் நான்.

"உங்களுக்கு இது விளங்காது," என்று மேலாளர் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிப்படிப்பை முடித்தவளிடம் சொல்லக்கூடாத வசனம் அது.

அந்த ஆட்டத்தைப் படித்தேன். மிச்சம் (Mitcham) என்ற புறநகரில் இருக்கும் எங்கள் வீட்டின் சமையலறை மேசையில், பதினொரு கடலைக்கு எதிரே பதினொரு கௌபிப் பயறு வைத்து, இரண்டு அணிகளாக நகர்த்தினேன்.

"நாளைக்கு ஊறப்போட எடுத்து வைச்சது, பிள்ளை. விளையாடி முடிய எண்ணி வை," என்றார் அம்மா.

கடையிலிருந்து வந்த அப்பா எட்டிப் பார்த்தார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். "என்ன இது?"

"பந்து வைச்சிருக்கிற பக்கத்துக்கு நாலு தரம் குடுப்பினம், அப்பா. அதுக்குள்ள பத்து யார்டு முன்னுக்குப் போகவேணும். போனால் திரும்ப நாலு தரம்."

"அப்ப வேலிக் கதியால் தடியை மற்றவன்ர காணிக்குள்ள தள்ளித் தள்ளி நடுற வேலைதானே! ஊரில எங்கட பக்கத்து வளவுக்காரன் இதில சம்பியன்."

நான் படித்த புத்தகங்களைவிட அது தெளிவாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அழைக்காமலே பப்புக்குப் போனேன். திரையில் மூன்றாவது முயற்சி, ஒரே ஒரு யார்டு தேவை. "பந்தோடு ஓடுவான், வேறென்ன," என்றார் மேலாளர். அன்றைய ஆட்டத்தில் அதே அணிவகுப்பில் அந்த அணி முன்பே மூன்று தரம் ஓடியிருந்தது. தடுக்கும் அணி முழுவதும் முன்னால் நெருங்கி நின்றது.

"பந்தைக் கைமாற்றுவதுபோல் பாவனை காட்டிவிட்டு எறிவான்," என்றேன்.

எறிந்தான். பின்னால் காவலுக்கு ஒருவரும் இல்லை.

"அதிர்ஷ்டம்," என்றார் மூவரில் ஒருவர். பத்து வருடமாகப் பார்க்கிறாராம். பத்து வருடத்தில் சத்தம் போட மட்டும் பழகியிருந்தார்.

திங்கட்கிழமை நியூயார்க் பயணப் பட்டியலில் அவருடைய பெயர்தான் இருந்தது.

என் பிழை அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஆட்கள் வாய் திறந்து கேட்பதில்லை. நல்ல புள்ளி எடுத்தால் கூப்பிடுவார்கள் என்று காத்திருப்போம். இந்த ஆட்டத்தையும் நான் பரீட்சைக்குப் போல்தான் பாடமாக்கியிருந்தேன். ஏழு மாதத்தில் ஒருமுறைகூட, "நான் போகிறேன்" என்று சொன்னதில்லை.

நாலாவது முயற்சியில் பெரும்பாலான அணிகள் பந்தை உதைத்து எதிரியிடமே கொடுத்துவிடும். நான் மேலாளரின் கதவைத் தட்டினேன்.

"அந்தக் கோப்பு என்னுடையது. நியூயார்க்குக்கு நான்தான் போகவேண்டும்."

"உங்களுக்கு விருப்பம் இருக்கும் என்று நினைக்கவேயில்லை," என்றவர், அந்தப் பெயரை வெட்டிவிட்டு என் பெயரை எழுதினார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுத்திருந்தாலும் அவர்மேல் எனக்கிருந்த மதிப்புக் குறைந்திருக்காது. குறைவதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.