பெரியம்மாவுக்கு வந்த முழங்கால் வலி

பெரியம்மாவுக்கு முழங்கால் வலியை வரவழைத்தவன் நான்தான். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். வலி வந்த செய்தி பெரியம்மாவுக்கு மட்டும் தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கோலா கெத்தில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் கணக்கெழுதும் கிராணி. சட்டைப் பையில் பேனா, தலைக்குள் கனம். மனைவி தோட்டத் தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. நாலு நாள் லீவு போட்டால் வேலை போய்விடும். வீட்டில் ஆறு மாதப் பிள்ளை. பால்மரம் வெட்டப் போகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். கிராணி வீட்டுப் பிள்ளை அங்கே போய்க் கிடக்கலாமா? மானம் என்ன ஆவது! அதனால், செத்துப்போன என் அம்மாவின் அக்காவைத் தமிழ்நாட்டிலிருந்து 'மலேசியா சுற்றிப் பார்க்க' அழைத்தோம்.

மூன்று மாத விசாவில் அவர் சுற்றிப் பார்த்தது எங்கள் அடுப்படியையும் துவைக்கிற கல்லையும்தான். ஒருநாள் பினாங்குக்குக் கூட்டிப்போனோம். அங்கேயும் பிள்ளை அவர் இடுப்பில்தான் இருந்தது.

விசா முடியப் பத்து நாள் இருக்கும்போது பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். அவருடைய ஒரே மகள், கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்து முழுகாமல் இருந்தாள். அடுத்த மாதம் பிரசவம்.

"நான் பக்கத்துல இருக்கணும்ப்பா. அவளுக்கு வேற யாரு இருக்கா?"

"மாமியார் இருக்காங்கல்ல பெரியம்மா? ரெண்டே மாசம் லா. பள்ளிக்கூட லீவு வந்துரும்," என்றேன். என்ன தாராளம் பாருங்கள், யாரோ ஒரு மாமியாரை நானே பிரசவம் பார்க்க நியமித்துவிட்டேன்! மனைவி கண்ணைத் துடைத்தாள். பெரியம்மா பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

விசாவை நீட்டிக்கக் காரணம் வேண்டுமே. டாக்டர் இல்லாத தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கிற டிரெஸ்ஸரைப் பிடித்தேன். 'கடும் முழங்கால் வலி, படியேற இயலாது, பயணம் கூடாது' என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். அதோடு விட்டேனா? தோட்டத்தில் துரையைப் பார்க்கப் போனால் இருப்பதில் நல்லதை உடுத்திக்கொண்டுதான் போவோம். அந்தப் புத்தி எங்கே போகும்? "பெரிய ஆபீஸ் பெரியம்மா, நல்லா உடுத்திக்கிட்டு வாங்க," என்றேன்.

அரக்குப் பட்டும் இரட்டைவடச் சங்கிலியுமாக வந்தார். அலோர் ஸ்டாரில் விசா நீட்டித்துத் தரும் குடிநுழைவு ஆபீஸ் மாடியில். மேலே போவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. பெரியம்மா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று ஏறிப்போய் நின்றார். எதிரே மேசையில் அதிகாரி.

அவர் கடிதத்தைப் பார்த்தார். பட்டுப்புடவையைப் பார்த்தார். "இனி சாக்கிட் கா?" இதுதான் நோயாளியா என்று மலாயில் பக்கத்து மேசைத் தமிழரைக் கேட்டார்.

தமிழர் பெரியம்மா பக்கம் திரும்பினார். "அம்மா, ஒங்களுக்கு முட்டி வலியாமே, நடக்க முடியாதாமே, நெசமா? பயப்படாம சொல்லுங்க. ஊருக்குப் போவணும்னாலும் சொல்லுங்க."

பெரியம்மாவை அப்படிக் கேட்ட முதல் ஆள் அந்தத் தமிழர்தான். 'போவணும்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், மகளிடம் போய்விடலாம். பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஆமாய்யா. படியேறி வந்ததுல உசுரே போவுது," என்று பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்க்கத் தொடங்கினார்.

இரண்டு மாதம் கிடைத்தது.

திரும்பும் வழியில் பெண்டாங்கில் காரை நிறுத்தி அவருக்கு ஐஸ் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். எவ்வளவு பெரிய மனசு எனக்கு! "ஏன் பெரியம்மா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்கவும் செய்தேன்.

"பின்ன? என் தங்கச்சி மவன் பொய்யன்னு நாலு பேரு முன்னால நானே சொல்லவா?"

ஐந்தாவது வாரம் பெரியம்மாவின் மருமகனிடமிருந்து கடிதம் வந்தது. பெரியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்தேன். பெண் குழந்தை, இருவரும் நலம்.

"என்னைப் பத்தி ஏதாச்சும் சொன்னாளாமா?"

'இரண்டு நாள் வலியில் கிடந்தாள். அம்மா எப்போ வரும், அம்மா எப்போ வரும் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்' என்று எழுதியிருந்தது. விசாவில் இன்னும் மூன்று வாரம் பாக்கி இருந்தது.

"ஒண்ணும் எழுதல பெரியம்மா," என்றேன்.